இரட்டையருக்கான பாலூட்டும் தலையணை: எட்டு வாரம் இடுப்பில் கட்டிப் பார்த்த பிறகு

ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொன்றின் அழுகைக்கு நடுவில் இதைப் படிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், நல்ல பொருள்தான். ஆனால் பிறந்த அன்றே மடியில் கட்டி இருவருக்கும் சேர்த்துப் பால் கொடுத்துவிடலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். எனக்கு அது கைவர மூன்றாவது வாரம் ஆனது. அதுவரை தப்பு என் மேல்தான் என்று நினைத்து நான் அழுததுபோல வேறு யாரும் அழ வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு 36 வாரம் முடிந்தவுடன் சிசேரியன். முதலில் பையன், 2.3 கிலோ. இரண்டு நிமிடத்தில் பெண், 2 கிலோ. இரட்டையரில் பாதிக்கும் மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள், அதனால் இதைப் படிக்கும் பலருக்கும் ஏறத்தாழ இதே கதையாகத்தான் இருக்கும்.

இந்தத் தலையணை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். காம்பைக் கவ்வ வைத்து, குடிக்க விட்டு, நடுவில் தூங்கிப்போனால் பாதத்தைத் தேய்த்து எழுப்பி, ஏப்பம் வர வைத்துப் படுக்கப் போட எனக்கு ஒரு ஆளுக்கு 35 நிமிடம் ஆனது. ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்தால் 700 நிமிடம், கிட்டத்தட்ட 12 மணி நேரம். டயபர் மாற்றுவது, தாய்ப்பால் எடுக்கும் பம்பைக் கழுவுவது, நான் குளிப்பது, சாப்பிடுவது எதுவும் இதில் சேரவில்லை. இப்போது இருவருக்கும் ஒன்றாகக் கொடுக்கையில் ஒரு தடவைக்கு 45 நிமிடம், அதாவது நாளுக்கு ஏழரை மணி நேரம் ஆகிறது. மிச்சமாவது நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நான்கு மணி நேரம் தூங்குகிறவளும் தூங்காதவளும் ஒரே தாய் இல்லை, இரண்டு பேராகவும் இருந்து பார்த்துவிட்டேன்.

பொருளைப் பற்றி. ஒரு குழந்தைக்கு விற்கும் பிறை வடிவத் தலையணையைவிட இது நன்றாக அகலம். நான் வாங்கியது கெட்டியான ஃபோம், மேல்பக்கம் தட்டை, வெளி ஓரம் சற்று உயர்ந்து உள்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், அதனால் குழந்தை உருளாமல் என் உடம்போடு ஒட்டியே கிடக்கும். இடுப்பைச் சுற்றி வார் போட்டு பக்கவாட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. முதுகுக்குத் தனியாக ஒரு சின்னத் தலையணை. கழற்றித் துவைக்க ஜிப் வைத்த உறை. பஞ்சு அடைத்த வகையும் கிடைக்கிறது, என் தோழி அதை வைத்திருந்தாள், ஒரு மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. இரண்டு பேரின் எடையைத் தாங்க ஃபோம்தான் சரி.

முதல் இரண்டு வாரம் இது மூலையில் கிடந்தது. நான் முயற்சி செய்யாமல் இல்லை. மூன்றாம் நாள், பால் கட்டி மார்பு கல் மாதிரி இருந்த நேரத்தில், தலையணையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரையும் படுக்க வைத்தேன். பையன் எப்படியோ கவ்வினான். பெண்ணுக்கு வாய் சின்னது, கவ்விய இரண்டாவது நிமிடத்தில் விட்டுவிட்டாள். அவளைச் சரிசெய்யக் குனிந்தால் இவன் நழுவினான். இவனைப் பிடித்தால் அவள் கத்தினாள். அரை மணி நேரத்தில் மூன்று பேரும் அழுதோம். அப்போது வந்த நர்ஸ் ஒருவர் பெண்ணை எடுத்துக்கொண்டு, "முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா நல்லா குடிக்கப் பழகட்டும்மா, ரெண்டு பேரையும் சேர்க்கிறது அப்புறம்" என்றார். பெட்டியோடு வந்த கையேட்டில் இருக்க வேண்டிய வரி இது. அதிலோ முதல் நாளிலிருந்தே என்று போட்டு, சிரித்த முகமாக ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் படம் இருந்தது.

காரணம் இருக்கிறது. 37 வாரத்துக்குச் சற்று முன் பிறந்த குழந்தைகள் பார்க்க முழுக் குழந்தை மாதிரியே இருந்தாலும் உறிஞ்சும்போது சீக்கிரம் களைத்துப்போகிறார்கள், பசித்தாலும் அழாமல் தூங்குகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரு கை தலையையும் இன்னொரு கை மார்பையும் தாங்க வேண்டியிருக்கும்போது, தலையணை என்ன செய்யும்? அந்த இரண்டு வாரமும் தனித்தனியாகக் கொடுத்தேன். பெண்ணுக்குக் குடித்தது போதாதபோது பம்ப் செய்த பாலும் கொஞ்சம் ஃபார்முலாவும் சேர்த்தேன். அதில் எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை. ஒரு நோட்டில் ஈரமான டயபர்களை எண்ணி எழுதினேன், ஐந்தாம் நாளுக்குப் பிறகு தலைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு இருந்தால் பால் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாருக்கு மாற்றினோம் என்பதே குழம்பும், அதனால் எழுதி வையுங்கள். முதல் நாட்களில் குறைந்த எடையை பையன் பன்னிரண்டு நாளில் மீட்டான், பெண்ணுக்குப் பதினைந்து நாள்.

மூன்றாவது வாரம் மறுபடி மாட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை இருவரையும் என் கைகளுக்கு அடியில் இடுக்கி, தலை முன்னால், கால்கள் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைத்தேன். தலையணையின் முழு அகலமும் இந்த நிலைக்காகத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. தையல் மேல் துளியும் பாரம் விழவில்லை, சிசேரியன் ஆனவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. முதலில் கவ்வத் தடுமாறுகிற குழந்தையை, எனக்குப் பெண்ணை, இரண்டு கையாலும் சரியாகப் பொருத்தினேன். அவள் சீராக விழுங்க ஆரம்பித்த பிறகு ஒற்றைக் கையால் பையனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தாங்கி மறுபக்கம் கொண்டுவந்தேன். அவன் எப்படி வைத்தாலும் கவ்விக்கொள்வான். முக்கியமாக, குழந்தைதான் மார்பைத் தேடி வர வேண்டும், நாம் குனியக் கூடாது. உயரம் போதவில்லை என்றால் தலையணைக்கு அடியில் மடித்த போர்வை வையுங்கள், முதுகை வளைக்காதீர்கள். நான் ஒரு வாரம் வளைத்து உட்கார்ந்து, தோள்பட்டை வலியில் கையைத் தூக்க முடியாமல் போனேன்.

இங்கே எனக்குக் கிடைத்த பெரிய பலன் நேரம் மட்டும் இல்லை. பால் இறங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. பையன் வேகமாக உறிஞ்ச ஆரம்பித்ததும் பெண்ணின் பக்கமும் பால் சொட்டத் தொடங்கிவிடும், அவள் அதிகம் உழைக்காமலே விழுங்குவாள். தனியாகக் கொடுத்தபோது ஐந்து நிமிடத்தில் களைத்தவள், அண்ணனோடு சேர்ந்து பதினைந்து நிமிடம் குடித்தாள். இதற்காகவே ஒரு நாள் இவன் இடது, மறுநாள் வலது என்று பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இல்லையென்றால் பெண் குடிக்கிற பக்கம் சுரப்பு குறைந்துவிடும், எவ்வளவு பால் எடுக்கப்படுகிறதோ அதற்கேற்பத்தான் சுரக்கும்.

சரி, குறைகள். கொக்கியைக் கழற்றும்போது டக் என்று ஒரு சத்தம். இரவு இரண்டு மணிக்கு, குடித்து முடித்து இருவரும் தூங்கிவிட்ட நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டு ஒருவர் விழித்தால் எல்லாம் முதலிலிருந்து. இப்போது விரலை உள்ளே கொடுத்து மெதுவாக விடுவிக்கப் பழகிவிட்டேன். உறை ஒன்றே ஒன்றுதான் தருகிறார்கள், இது பொறுப்பில்லாத வேலை. இரண்டு குழந்தைகள் பால் கக்குகிற இடத்தில் ஒரு உறை ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. அதைவிட மோசம், ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்க உறைக்கு அடியில் எதுவும் இல்லை, ஃபோமைத் துவைக்கவும் முடியாது. எனக்கு ஐந்தாவது வாரத்தில் புளித்த வாடை வர ஆரம்பித்தது. வெயிலில் காய வைத்தேன், முழுதாகப் போகவில்லை. முதல் நாளிலிருந்தே உறைக்குள் ஈரம் உறிஞ்சாத துணி ஒன்றைச் சுற்றி வையுங்கள்.

கைப்பிடி வைத்த நாற்காலியில் இது நுழையாது. சோஃபாவிலோ கட்டிலிலோ சுவரில் சாய்ந்துதான் உட்கார வேண்டும். உட்கார்ந்து மாட்டிவிட்டால் எழுந்திருக்க முடியாது. பால் கொடுக்க ஆரம்பித்த அடுத்த நொடியே தொண்டை வறளும், தண்ணீர் எட்டாத தூரத்தில் இருக்கும். தண்ணீர், துணி, போன் எல்லாம் முன்கூட்டியே கைக்கெட்ட வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் சில வாரம் குழந்தைகளை எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் இல்லாமல் நடக்காது. இரவில் என் கணவர் எழுந்து இருவரையும் பக்கத்துக்கு ஒருவராகக் கொண்டுவந்து வைப்பார், முடிந்ததும் ஒருவரை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். தனியாகச் செய்ய எனக்கு ஆறாவது வாரம் ஆனது. சோஃபாவின் நடுவில் உட்கார்ந்து தலையணையை மாட்டி, இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் படுத்திருக்கும் குழந்தைகளை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி வைக்கிறேன். முடிந்ததும் சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, ஒருவரைத் தோளுக்குத் தூக்குகிறேன், மற்றவர் குடித்துக்கொண்டே இருக்கட்டும்.

பால் புட்டியில் கொடுப்பவர்களுக்கும் இது உதவும், இருவரையும் எதிரெதிரே சற்றுத் தலை உயர்த்திப் படுக்க வைத்து இரண்டு கையிலும் புட்டியைப் பிடிக்கலாம். பிடிக்க வேண்டும், முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு நகரக் கூடாது.

அடுத்து வருவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இது படுக்கை இல்லை. குடித்து முடித்து இருவரும் அதன் மேலேயே கன்னம் உப்பத் தூங்கும்போது, தூக்கினால் விழித்துவிடுவார்களே, இப்படியே கொஞ்ச நேரம் விடலாமே என்று தோன்றும். எனக்குத் தினமும் தோன்றியது. அந்த வளைவில் பிஞ்சுக் கழுத்து மடங்கி, மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும், முகம் திரும்பித் தலையணையில் புதைந்தாலும் அப்படித்தான். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே இந்த வகைத் தலையணைகளில் குழந்தைகளைத் தூங்க விட வேண்டாம் என்று எச்சரித்தது, 2024-ல் இவற்றுக்கென்றே கட்டாய விதிகளும் வந்தன. என் தலையணையில் எச்சரிக்கை இருந்தது, உறையின் உள்பக்கம், பொடி எழுத்தில். ஒரு நாள் விடியற்காலை நான் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். கணவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினார். இருவருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் என் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து இரவில் நான் பால் கொடுக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அதிரும்படி வைத்திருக்கிறேன். தூங்கியதும் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்க, ஆளுக்கொரு இடம்.

இன்னொன்று, இது எந்த விமர்சனத்திலும் நான் பார்க்காதது. இருவரும் சேர்ந்து குடிக்கும்போது இரண்டு உச்சந்தலைதான் தெரியும், யார் முகத்தையும் சரியாகப் பார்க்க முடியாது. நடுவில் அவர்கள் கை ஒன்றோடொன்று பட்டுக்கொள்ளும், அது அழகுதான். ஆனால் என் பெண்ணின் கண் என்னைப் பார்த்தபடி குடிப்பதை நான் ஒரு வாரமாகப் பார்க்கவே இல்லை என்று நான்காவது வாரம் ஒரு நாள் உறைத்தது, மனது தாங்கவில்லை. அதனால் காலையில் ஒரு தடவை மட்டும் தலையணை இல்லாமல், ஒருவரை மட்டும் மடியில் போட்டுக் கொடுக்கிறேன். இன்று அவள், நாளை அவன். அந்த நேரம் மற்றவரை அப்பா வைத்துக்கொள்கிறார். கணக்குப்படி அரை மணி நேரம் கூடுதல் செலவு, அதைக் குறைக்க நான் தயாராக இல்லை.

முதல் வாரத்தில் தாய்க்குக் காரணமே இல்லாமல் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் மனது இருட்டாகவே இருந்தால், குழந்தைகள் மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லுங்கள், இரட்டையரின் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம்.

பழையது வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஃபோமை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள், உடனே எழும்பினால் வாங்கலாம், கைத்தடம் நின்றால் வேண்டாம். மோந்தும் பாருங்கள். வார் உங்கள் இடுப்புக்கு எட்டுகிறதா என்று பிரசவத்துக்குப் பிறகான அளவை மனதில் வைத்துப் பாருங்கள், எனக்கு முதல் மாதம் கடைசி நுனியில்தான் மாட்டியது. பையன் இப்போது 3.6 கிலோ, பெண் 3.2. இருவரும் காலை நீட்டினால் தலையணையின் பின் ஓரத்தைத் தொடுகிறார்கள், இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓடும் என்று நினைக்கிறேன். கூடுதல் உறை இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன்.