லிமிட் ஆர்டர்: மூணு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணதுல தெரிஞ்சுகிட்டது

மச்சான் புதுசா டீமேட் (ஷேர் வெச்சுக்குற அக்கவுண்ட்) ஓபன் பண்ணிட்டு போன வாரம் போன்ல கேட்டாரு, ஷேர் வாங்க மார்க்கெட் ஆர்டர் போடவா லிமிட் ஆர்டர் போடவான்னு. மார்க்கெட்னா கிடைக்கிற விலைக்கு உடனே வாங்குறது, விக்கிறது; லிமிட்னா இதுக்கு மேல வாங்காத, இதுக்கு கீழ விக்காதன்னு நாமளே ஒரு விலை சொல்றது. ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

2021ல ஒரு சின்ன கம்பெனி ஷேர் 300 வாங்க மார்க்கெட் ஆர்டர் போட்டேன். ஸ்க்ரீன்ல 112 காட்டுச்சு, ஆனா அது கடைசியா நடந்த டிரேடோட விலை, விக்கிறவங்க கேக்குற விலை இல்ல. 112.40க்கு வெறும் 40 ஷேர் தான் இருந்துச்சு, மீதிய 113, 115, 116னு ஏறி ஏறி எடுத்து ஆவரேஜ் 114.60ல நின்னுச்சு. 780 ரூபா ஒரே க்ளிக்ல போச்சு.

அப்புறம் எல்லாமே லிமிட் தான். ரொம்ப பிடிச்ச விஷயம், விக்கிறவங்க கேக்குற விலைக்கு ஒரு ரூபா மேல லிமிட் வெச்சாலும், அந்த விலைல ஷேர் இருக்குற வரைக்கும் அவங்க கேக்குற விலைக்கே கிடைக்கும், ஆனா நம்ம லிமிட்ட தாண்டாது. மார்க்கெட் ஆர்டரோட வேகமும் இருக்கு பயமும் இல்ல.

ஆனா விலை குறையட்டும்னு கீழ போட்டு வெச்சா தான் கொடுமை. 205க்கு போட்டிருப்பேன், விலை 205ஐ தொட்டுட்டு 209க்கு போயிடும், என் ஆர்டர் அப்படியே ஓபன்ல கெடக்கும். ஒரே விலைக்கு யாரு முதல்ல போட்டாங்களோ அவங்களுக்கு தான் முதல்ல, எனக்கு முன்னாடி 4,000 ஷேர் நிக்குது. அவசரப்பட்டு குவான்டிட்டிய கூட்டினா வரிசையோட கடைசிக்கு தள்ளிடும். 3:30க்கு மார்க்கெட் முடிஞ்சதும் கேன்சல். இது எத்தனை தடவைன்னு எண்றதையே விட்டுட்டேன்.

அதவிட மோசம் 2024 ஜூன் 4, எலெக்‌ஷன் ரிசல்ட் அன்னைக்கு. நிஃப்டி (50 பெரிய கம்பெனி ஷேரோட இண்டெக்ஸ்) கிட்டத்தட்ட 6% விழுந்துச்சு. கையில இருந்த ஷேருக்கு ஸ்டாப் லாஸ் லிமிட் (விலை விழுந்தா நஷ்டம் பெருசாகாம விக்கிறதுக்கான ஆர்டர்) போட்டிருந்தேன், ட்ரிக்கர் 480, லிமிட் 478, அதாவது 480ஐ தொட்டா ஆர்டர் கிளம்பும், ஆனா 478க்கு கீழ விக்காது. ட்ரிக்கர் ஆச்சு, ஆனா விலை 478ல நிக்காம நேரா 461க்கு போயிடுச்சு, என் ஆர்டர் மேலயே தொங்குது. மார்க்கெட்ல போட்டிருந்தா 470 பக்கமாவது வெளிய வந்திருப்பேன்.

இத்தன வருஷமா என் காச காப்பாத்துனது லிமிட் தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்தும் பத்துக்கு அஞ்சு மார்க் தான் குடுப்பேன், அந்த 461 இன்னும் கண்ணுலயே நிக்குது. மச்சான்கிட்ட வாங்குறதுக்கு லிமிட் போடுங்க, ஸ்டாப் லாஸ் போடும்போது மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு சொல்லிருக்கேன்.