மீட்புத் தொண்டர்களுக்கு எங்கே கூரை? கொன்டெய்னரா, துறைமுக அறையா, சொந்தக் கட்டடமா

கொழும்புக் கரையில் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை, போயா விடுமுறையிலும் ஞாயிறு பின்னேரங்களிலும் கடலில் இறங்கும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கிறார்கள். அவர்களுக்குத் துணையாகச் சம்பளமில்லாமல் தண்ணீரில் பாயக்கூடிய நீச்சல்காரப் பிள்ளைகளும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வெள்ளவத்தை கின்ராஸ் கழகம் போன்றவை நீண்டகாலமாக அப்படிப்பட்டவர்களை வளர்த்து வந்திருக்கின்றன. அவர்களுக்கு ஒரு படகு வாங்கித்தர நன்கொடையாளர் கிடைப்பார். ஆனால் அந்தப் படகு இரவில் எங்கே கிடக்கும், கடலிலிருந்து வந்த பிள்ளை எங்கே உடுப்பு மாற்றும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கொழும்பின் வடக்கே உள்ள முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அறை கேட்கலாம் என்பது ஒரு யோசனை. அலைதாங்கியின் மறைவு, எரிபொருள், எஞ்சின் திருத்துபவர் எல்லாமே பக்கத்தில் இருக்கும். ஆனால் அங்கிருந்து கல்கிசைக்குக் கடல்வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மணிக்கு 25 கடல்மைல் வேகத்தில் வந்தாலும் இருபது நிமிடம் ஆகும். மூச்சு நின்ற ஒருவருடைய மூளை நான்கைந்து நிமிடத்திலேயே பாதிக்கப்படத் தொடங்கிவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்ற மீன்படகைத் தேடிப் போவதற்குத் துறைமுகம் நல்ல இடம்தான். குளிக்க வந்த பிள்ளையைக் காப்பாற்ற அது உதவாது.

மரைன் டிரைவில் ஒரு கராஜை வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை கிடக்கிறது. எஞ்சினோடு நூறு கிலோவுக்கு மேல் வரும் படகை, ரயில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தண்டவாளம் தாண்டித் தூக்கிப் போவது ஆபத்து. அதை விட்டுவிடலாம்.

சரி, கொன்டெய்னர். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், காரணமும் இருக்கிறது. மலிவு, பூட்டலாம், கடல் மணலை அரித்தால் கிரேன் வைத்துப் பின்னால் நகர்த்தலாம். இந்தக் கரையில் அது சின்ன விஷயமல்ல. 2020இல் கல்கிசையில் கொட்டிய மணலில் ஒரு பகுதியைச் சோளகக் கடல் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். ஆனால் அளவைப் பாருங்கள். இருபது அடிக் கொன்டெய்னரின் உட்புறம் ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம். அவுஸ்திரேலியக் கடற்கரைகளில் பயன்படும் காற்றடைத்த மீட்புப் படகு 3.8 மீட்டர். படகை வைத்த பிறகு மிஞ்சுவது இரண்டு மீட்டர். அதற்குள் எஞ்சின், பெற்றோல், உயிர்காப்பு அங்கிகள், முதலுதவிப் பெட்டி. மனிதருக்கு இடமில்லை. மத்தியான வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் பெற்றோல் ஆவி தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்க் குழாயும் இருக்காது. அவுட்போட் எஞ்சினை ஒவ்வொரு முறையும் நன்னீர் ஓடவிட்டுக் கழுவாவிட்டால் உப்பு அதைத் தின்றுவிடும்.

பெண் தொண்டர்களின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த உடுப்போடு மலசலகூடம் தேடிக் கடற்கரை உணவகத்தில் கெஞ்சி நிற்கும் நிலைமை இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்த பெண்பிள்ளையும் சீக்கிரமே வருவதை நிறுத்திவிடுவாள். அம்மா அப்பாவும் விடமாட்டார்கள். ஆள் சேர்ப்பதற்கு எத்தனை விளம்பரம் போட்டாலும், பூட்டக்கூடிய ஒரு சின்ன அறை செய்யும் வேலையை அது செய்யாது.

பொலிஸ் காவலரணில் ஒரு மூலை கேட்பதையும் யோசிக்கலாம். ரேடியோ இருக்கும், எந்நேரமும் ஆள் இருப்பார்கள். ஆனால் இன்றைய பொறுப்பதிகாரி அன்பானவர் என்பதற்காகக் கிடைத்த இடம், அவருக்கு மாற்றலாகிற நாளில் போய்விடலாம். எழுத்தில் உடன்பாடு இருந்தால் மட்டும் சரி.

ஆகவே நான் சொந்தக் கட்டடத்தின் பக்கம் நிற்கிறேன். கல்கிசையில், ரயில் பாதைக்குக் கடல் பக்கமாக, சிறியதாக. பிரித்தானியாவில் 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனம் பெரும்பாலும் நன்கொடையில்தான் நடக்கிறது, படகில் போவோரில் மிகப் பெரும்பாலானோர் தொண்டர்கள். அவர்களுடைய நிலையங்களில் உடுப்பு உலர்த்தும் அறை, குளியல், பயிற்சி அறை எல்லாம் இருக்கும். அங்கே கடல் பல மீட்டர் ஏறி இறங்குவதால் சரிவுத்தளமும் டிராக்டரும் தேவைப்படுகின்றன. கொழும்பில் ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. மணலில் தள்ளினால் போதும், அந்தச் செலவு நமக்கு இல்லை. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது தொண்டரை மதிக்கும் அந்த அறைகளை. தூண்மேல் உயர்த்திய தளம், கீழே படகு, மேலே இரண்டு உடுப்பு மாற்றும் அறை, காற்றோட்டமான உலர்த்துமிடம் (இல்லாவிட்டால் நம் ஈரக் காற்றில் அங்கிகள் பூஞ்சணம் பிடிக்கும்), 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வரும்வரை மீட்டவரைப் படுக்கவைக்க ஒரு கட்டில். எரிபொருளுக்கு வெளியே, நிழலில், கம்பிக் கூண்டு.

இதில் கஷ்டம் அனுமதிதான். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரை எதைக் கட்டவும் அனுமதி வேண்டும். அப்புறம் ரயில்வே, தெஹிவளை-கல்கிசை மாநகர சபை. காலம் எடுக்கும். அதுவரை கொன்டெய்னர் போடலாம், ஆனால் மூன்று நிபந்தனையோடு: பெற்றோல் உள்ளே வைக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய் வேண்டும், பக்கத்தில் ஒரு மலசலகூடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் திரட்டும்போதே ஐந்து வருடத் தண்ணீர், மின்சாரக் கட்டணத்தையும் துருப்பிடிக்கும் பிணைச்சல்களை மாற்றும் செலவையும் சேர்த்தே கேட்க வேண்டும். நன்கொடையாளர் படகோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால், அந்தப் பணத்தில் பாதியைக் குழாய்க்கும் கூரைக்கும் தரும்படி அவரிடம் நேரே கேட்கலாம்.