லயக் காம்பராவே முதல் காட்சிப்பொருள்: கம்பளை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம்

இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு) ஒன்றிலேயே அமைந்திருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய இவ்விடத்தில் வீட்டுப் பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் இருந்தாலும், என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது லயத்தின் காம்பராதான், அதாவது ஒரு குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறைதான். ஆங்கிலேயர் காலத்து லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு (தாழ்வாரம்). சுதந்திரத்துக்குப் பின் பிறந்த அம்மாவும் அப்படியொரு அறையில் வளர்ந்தவர். வாசலில் நின்றபடியே, "இதுக்குள்ளதான் ஏழு பேர் படுத்தோம், அடுப்பும் இங்கதான்" என்றார். எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

காலனி அரசு தொழிலாளரைப் பற்றிச் சட்டமே இயற்றவில்லை என்று சொல்ல முடியாது. தோட்ட மருத்துவத்துக்கு 1872இலேயே சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களை, தமிழகக் கரையில் இருந்த மண்டபம் முகாமில் தடுத்து வைத்து அம்மை குத்திய பின்பே அனுப்பினார்கள். 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மண்ணிலிருந்து கால்வழியே உடலுக்குள் புகும் கொக்கிப்புழுவை ஒழிக்கும் பணி தொடங்கியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களைச் சுற்றி வெறுங்காலோடு நடந்தவர்களை, மருந்து குடித்த பிறகும் அப்புழு மீண்டும் பற்றிக்கொண்டது. நோயைத் தேடி மருந்து வந்தது, வீட்டைத் திருத்த யாரும் வரவில்லை என்பதை அந்த அறைக்குள் நிற்கும்போது உணர முடிகிறது.

பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் வருத்தமானது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தோட்டமே தாய்மொழிக் கல்வி தர வேண்டும் என்றது. அவர்களைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றும் விதித்தது. படிப்புக்குக் காலையை ஒதுக்கிவிட்டு, மீதிப் பொழுதைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கே விட்டுவிட்ட அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

போகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆவணக் காப்பகமும் இங்கேயே இருப்பதால் குடும்ப வரலாறு தேடுவோர் முன்கூட்டியே தொடர்புகொண்டு செல்வது நல்லது. முடிந்தால் லயத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னவற்றில் பாதியை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.