நேட்டோவின் சதவீதமா, கொரியாவின் ரசீதா?

கூட்டணிச் சுமையைப் பங்கிட அமெரிக்காவின் நட்பு நாடுகளிடம் இரண்டு கணக்குகள் உண்டு.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் யாரும் அமெரிக்காவுக்குப் பணம் கட்டுவதில்லை. கட்டுவதாகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் ராணுவத்துக்கே செலவழிக்கிறது. 2014-இல் இலக்கு ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 2%. 2025-இல் ஹேக் மாநாடு அதை 2035-க்குள் 5% ஆக்கியது: நேரடிப் பாதுகாப்புக்கு 3.5, உள்கட்டமைப்பு போன்றவற்றுக்கு 1.5. ஓட்டை இங்கேதான். ராணுவ ஓய்வூதியமும் கணக்கில் சேரும், பாலத்தையும் 1.5-இல் நுழைக்கப் பார்க்கலாம். கிரீஸ் 2 சதவீதத்தைத் தாண்டி நிற்பதற்குக்கூட முக்கியக் காரணம் துருக்கியுடனான பகைதான்!

தென்கொரியா கொடுப்பது, தன் மண்ணில் உள்ள அமெரிக்கப் படையின் செலவில் நேரடிப் பங்கு. அந்தப் படையின் தளங்களில் வேலைபார்க்கும் கொரியர்களின் சம்பளம், கட்டுமானம், தளவாடம் என மூன்றே தலைப்புகள். 2026-க்கு சுமார் 1.52 லட்சம் கோடி வோன். 2030 வரை உயர்வு விலைவாசியோடு இணைந்தது. கணக்கு சுத்தம், ஆனால் ஒப்பந்தம் காலாவதியானால் சிக்கல். 2019 கடைசியில் அப்படி ஆனது; 2020 ஏப்ரலில் சுமார் 4,000 ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் போனார்கள்.

பேரம் பேசக் கொரிய முறை எளிது. படைபலம் சேர்க்க நேட்டோ முறையே மேல். ஆனால் எவ்வளவு செலவழித்தாலும், ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை உதவ வேண்டும் என்னும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு கேட்பது, அந்தந்த நாடு 'அவசியம் எனக் கருதும்' நடவடிக்கையை மட்டுமே.