ரீல் இல்லாத தூண்டிலுடன் ஆறு ஆண்டுகள்

டோக்கியோவுக்கு மேற்கே, ஒகுதாமா மலைகளில் ஓடும் நிப்பாரா ஆற்றில் ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருவது 3.6 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு டென்கரா கோல். டென்கரா என்பது ஜப்பானிய மலையாற்றுத் தூண்டில் முறை. குழலுக்குள் குழலாக அடங்கும் இந்தக் கார்பன் இழைக் கோலின் எடை 80 கிராமுக்கும் குறைவு. இதற்கு நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது. கோலின் நுனியில் ஒட்டியிருக்கும் லில்லியன் என்னும் சிவப்பு நூலில் நான்கு மீட்டர் ஃபுளூரோகார்பன் நரம்பை முடிந்து, அதன் முனையில் ஒரு மீட்டர் மெல்லிய நரம்பையும், கடைசியில் கெபாரி எனப்படும், முள்ளில் இறகு சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சியையும் கட்டினால் எல்லாம் தயார்.

ஜப்பானின் மலைக்கிராமங்களில் இவானா, யமமே, அமாகோ மீன்களைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள் மூங்கில் கோலையும் குதிரைவால் மயிர் திரித்த நரம்பையும் கொண்டு வளர்த்தெடுத்த முறை இது. இதன் எளிமை அழகுக்காக வந்ததன்று, பிழைப்பிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

மலையாற்றில் பாறைக்குப் பின்னால் ஓர் அண்டா அளவுக்குத்தான் நீர் அமைதியாக நிற்கும்; மீன் அங்கேதான் காத்திருக்கும். நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவே வேகமான நீரோட்டம் இருப்பதால், நரம்பு நீரில் படிந்தால் ஓட்டம் அதை இழுக்க, பூச்சியும் இயல்பு கெட்டு இழுபட்டுப் போகும். நீண்ட கோலை உயர்த்திப் பிடித்தால் நரம்பு நீரைத் தொடாமல் நிற்க, பூச்சி மட்டும் தன் போக்கில் மிதந்து வரும்.

முதல் ஆண்டில் பெட்டி நிறையப் பூச்சிகளைச் சுமந்தேன். மூன்றாம் ஆண்டிலிருந்து என்னிடம் சகாசா கெபாரி ஒன்றே. அதன் இறகு முள்ளின் காதுப் பக்கமாக, அதாவது நரம்பு கட்டும் துளையின் பக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கோல் நுனியை லேசாக அசைத்தாலே நீருக்குள் விரிந்து சுருங்கி உயிருள்ளது போலத் துடிக்கும். எந்தப் பூச்சியைக் கட்டுவது என்ற கேள்வி ஒழிந்ததும், என் நிழல் எங்கே விழுகிறது, நீரோட்டத்தில் நுரை மிதந்து செல்லும் நுரைக்கோடு எந்தப் பாறையை ஒட்டித் திரும்புகிறது என்பவற்றில் கவனம் சென்றது. டென்கரா எனக்குத் தந்தவற்றில் இதையே பெரிதாக மதிக்கிறேன். சென்ற ஜூனில் அப்படி ஒரு நுரைக்கோட்டில் நரம்பு கணநேரம் தயங்கியது, மணிக்கட்டை உயர்த்தினேன். ஒரு சாண் நீளமுள்ள யமமே, விலாவில் சாம்பல்நீல நீள்வட்டப் புள்ளிகளோடு ஈரக்கையில் துள்ளியது; மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முனை இல்லாத முள் என்பதால் நீருக்குள்ளேயே விடுவிக்க முடிந்தது.

குறைகளும் உண்டு. அகன்ற ஆற்றில் எட்டாது. எதிர்காற்றில் இலேசான நரம்பு பின்வாங்கும். பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை. இரண்டாம் ஆண்டில் பாறையிடுக்கில் சிக்கிய முள்ளைக் கோலாலேயே இழுத்து நுனித்துண்டை முறித்துவிட்டேன். கோலை மடக்கி, நரம்பைக் கையால் நேராக இழுத்திருக்க வேண்டும். நல்லவேளையாக நுனித்துண்டு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அடிமூடியைக் கழற்றித் துண்டுகளை உலர்த்தாவிட்டால், மணல் புகுந்து அடுத்த முறை இறுகிவிடும்.

இங்கே மீன்பிடிப் பருவம் மார்ச் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதி வரை. உள்ளூர் மீனவர் கூட்டுறவின் அனுமதிச்சீட்டு கட்டாயம். லில்லியன் நூல் பிசிறத் தொடங்கிவிட்டதால், பருவம் திறக்குமுன் அதை மட்டும் மாற்றப் போகிறேன்.