ஆன்டிவைரஸில் பச்சை டிக் தெரிகிறதா? பதிப்பு எண்ணையும் பாருங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் என்னுடையது. பார்ட்டிகளின் போர்ட்டல் பாஸ்வேர்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார், பான் என்று எல்லாம் எங்கள் கம்ப்யூட்டர்களில்தான் இருக்கிறது. அதனால்தான் காசு கொடுத்து மூன்று வருட ஆன்டிவைரஸ் லைசென்ஸ் வாங்கினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் சாஃப்ட்வேரின் பெயரையும் போடவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் செய்த வேலை இன்னும் பல ஆபீஸ்களில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆன்டிவைரஸிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது, அதை அடைத்துவிட்டோம், எல்லோரும் புதுப் பதிப்புக்கு மாறுங்கள் என்று கம்பெனியே அறிவித்திருந்தது. எங்களுடையதைத் திறந்து பார்த்தேன். முகப்பில் பெரிய பச்சை டிக், 'இன்று அப்டேட் ஆனது' என்று தேதி. உள்ளே பதிப்பு எண்ணைப் பார்த்தால் இரண்டு வருடம் பழையது. மாற்றலாம் என்று செட்டிங்ஸைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. நாங்கள் யாரும் அப்படி ஒரு பாஸ்வேர்டு வைக்கவே இல்லை.

கடைக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கக்கா, பச்சை டிக் காட்டுதில்லைங்களா? அப்புறம் எதுக்குங்க பயப்படறீங்க?"

"தம்பி, வைரஸ் லிஸ்ட் புதுசுதான். சாஃப்ட்வேர் பழசா இருக்குதே."

"அதை நாங்கதானுங்க நிறுத்தி வெச்சிருக்கோம். புதுசு போட்டா கணக்கு எழுதற டேலி ஸ்லோ ஆகுதுன்னு பார்ட்டிங்க சத்தம் போடறாங்க. வேணும்னா ஆள் அனுப்பறேன், ஒரு சிஸ்டத்துக்கு ஐநூறு ரூபா ஆகுமுங்க."

பாஸ்வேர்டையாவது சொல்லுங்கள் என்றால், "அது கம்பெனி பாலிசிங்கக்கா" என்றார். கம்பெனியின் உதவி எண்ணில் கேட்டேன். அப்படி எந்தப் பாலிசியும் கிடையாது, பதிப்பு மாற்றுவது லைசென்ஸ் காலம் முழுக்க இலவசம் என்றார்கள். இலவசமாக வர வேண்டியதைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறந்துவிட சிஸ்டத்துக்கு ஐநூறு வாங்குவது வியாபாரமா? டேலி நிதானமாக ஓடினால் ஓடட்டும். அதை முடிவு செய்ய வேண்டியது நான், அவர் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். ஆன்டிவைரஸில் இரண்டு அப்டேட் உண்டு. ஒன்று தினமும் வரும் வைரஸ் பட்டியல். இன்னொன்று அந்த சாஃப்ட்வேருக்கே வரும் திருத்தம். பச்சை டிக் பெரும்பாலும் முதலாவதைப் பார்த்துத்தான் எரிகிறது. ஆனால் ஆன்டிவைரஸும் மனிதர்கள் எழுதிய சாஃப்ட்வேர்தான். அதிலும், கம்ப்யூட்டரிலேயே மிக அதிக அதிகாரத்தோடு ஓடுவது அது. மெயிலில் வரும் ஜிப், பிடிஎஃப் எல்லாவற்றையும் நாம் தொடுவதற்கு முன்பே அது பிரித்துப் பார்க்கிறது. பிரித்துப் பார்க்கும் இடத்தில் ஓட்டை இருந்தால், நாம் எதையும் கிளிக் செய்யாமலே ஆபத்து உள்ளே வந்துவிடும்.

இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2016-ல் சாஃப்ட்வேர் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் குழுவான பிராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த டேவிஸ் ஆர்மண்டி, சிமான்டெக், நார்ட்டன் ஆன்டிவைரஸ் தயாரிப்புகளில் இப்படித்தான் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஒரு மெயில் வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம். சுருக்கிய ஃபைலைப் பிரிக்கும் வேலையை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் சிலவற்றை ஏழு வருடமாவது புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். உலகம் முழுக்க விற்கும் கம்பெனியே அப்படி விட்டிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே வருடம் ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ ஆன்டிவைரஸோடு சேர்ந்து வந்த பாஸ்வேர்டு மேனேஜரிலும் ஓட்டை. நாம் போகும் எந்த இணையதளமும் நம் கம்ப்யூட்டரில் கட்டளை ஓட்டலாம், சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கலாம் என்ற நிலை. 2022-ல் அவாஸ்ட், ஏவிஜி ஆன்டிவைரஸ் இரண்டிலும், விண்டோஸின் அடி மட்டத்தில் ஓடும் டிரைவர் என்ற நிரலில் இருந்த ஓட்டைகள் வெளியே தெரிந்தன. பல வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தவை அவை.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸும் தப்பவில்லை. 2017 மே மாதம் அதிலும் மோசமான ஓட்டை ஒன்று வந்தது. ஆனால் சில நாட்களிலேயே அடைத்து, தானாகவே எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். மற்ற கம்பெனிகளும் சொன்ன ஓட்டைகளைத் திருத்தத்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் திருத்தம் நம் கம்ப்யூட்டருக்கு வந்தால்தானே பயன்? இன்ன பதிப்பில் இன்ன ஓட்டை என்று ஊருக்கே தெரிந்த பிறகும், கடைக்காரர் பூட்டி வைத்ததால் பழைய பதிப்பிலேயே எங்கள் ஆபீஸ் உட்கார்ந்திருந்தது. அதிலேயே பார்ட்டிகள் அனுப்பும் ஜிப் ஃபைல்களை மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

கம்பெனி இணையதளத்தில் இருக்கும் நீக்கும் கருவியை இறக்கி, பாஸ்வேர்டோடு சேர்த்து மொத்தத்தையும் எடுத்தாயிற்று. எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸின் டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொண்டது. இப்போதைக்கு அதுவே ஓடுகிறது, டேலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. முக்கியமான பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். நீங்கள் வைக்காத பாஸ்வேர்டைக் கேட்டால், விற்றவரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் லைசென்ஸை உங்கள் மெயில் ஐடியிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் என்னால் புகார் பதிய முடிந்தது. கடைக்காரர் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "பேசி முடிச்சுக்கலாமுங்கக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூட்டி வைத்த மற்ற எல்லா வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களையும் காசு வாங்காமல் திறந்துவிடட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.