பசுமைத் தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா? சுற்றுச்சூழல் வக்கீல் எங்கே காலூன்றலாம்

சுற்றுச்சூழல் வழக்குகளைத்தான் எடுப்பேன் என்று வரும் இளம் வக்கீல்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், அதாவது சென்னையில், தொடங்குவதா, உயர் நீதிமன்றத்தில் அரசு அமைப்புகளுக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனுக்களோடு தொடங்குவதா? நான் ஆறு வருடம் ஒரு சீனியரிடம் ரிட் வழக்குகளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தவன். என் சாய்வு தீர்ப்பாயத்தின் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

வருமானம் என்று பார்த்தால் உயர் நீதிமன்றமே மேல். அரசு ஊழியர்களின் சர்வீஸ் வழக்கு, நில வழக்கு என்று வேறு வேலையும் கூடவே வரும். தீர்ப்பாயத்தை மட்டும் நம்பினால் முதல் சில வருடம் இறுக்கமாகத்தான் போகும். கட்சிக்காரருக்கோ தீர்ப்பாயம் எளிது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் அவரே வந்தும் வாதாடலாம்.

என்னைத் திருப்பியது ஒரு ஏரி வழக்கு. ஆலைக் கழிவு ஏரியில் கலக்கிறது என்று ஊர்க்காரர்களுக்காக ரிட் போட்டோம். தண்ணீர் நிறம் மாறிய புகைப்படங்கள், தனியார் ஆய்வகத்தின் அறிக்கை எல்லாம் வைத்தோம். ஆலை ஒரே வரியில் மறுத்தது: கழிவு எங்களுடையது இல்லை. அவ்வளவுதான், அது 'தகராறுக்குரிய பொருண்மை', அதாவது எது உண்மை என்றே இரு தரப்பும் மோதும் விஷயம், ஆகிவிட்டது. சாட்சியம் எடுத்துத் தீர்க்க வேண்டிய விஷயத்தில் ரிட் அதிகாரத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் பொதுவாகத் தயங்கும். தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊர்க்காரர்களுக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது.

மாசு வழக்கு முக்கால்வாசி சட்டக் கேள்வியே அல்ல. எந்தக் குழாய், எந்தத் தேதி, எவ்வளவு அளவு என்பதுதான் வழக்கு. 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு துறை வல்லுநரும் அமர்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டமோ சாட்சியச் சட்டமோ அதைக் கட்டுப்படுத்தாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட நிர்வாகம் போன்றவற்றின் அதிகாரிகளைக் கொண்ட கூட்டுக் குழுவை அமைத்து, நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லும்.

அந்த அறிக்கையை வரிவரியாகப் படிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில் என்பேன். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (அதை ரசாயன முறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 250 என்பது பொதுவான உச்ச அளவு. அறிக்கை 'வரம்புக்குள் உள்ளது' என்று சொன்னால் அதோடு விடக்கூடாது. மாதிரி எடுத்தது ஆலை ஓடிய நாளிலா? சுத்திகரிப்புக்கு முன்பா, பின்பா? ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் அனுமதித்த கழிவுநீர் அளவும் மின்கட்டணப் பட்டியல் காட்டும் உற்பத்தியும் பொருந்துகிறதா? இதையெல்லாம் எழுத்தில் ஆட்சேபமாகக் கொடுத்துவிட வேண்டும். குழு சொன்னதையே தீர்ப்பாக்க முடியாது, தீர்ப்பாயம் தானே மனம் செலுத்தி முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. நம் ஆட்சேபத்துக்கு எடை கிடைப்பது அதனால்தான். ரிட் பக்கம் ஆறு வருடத்தில் நான் ஒரு ஆய்வக அறிக்கையைக்கூட இப்படிப் படித்ததில்லை.

தீர்ப்பாயத்தின் பெரிய ஆபத்து காலவரம்பு. சாதாரண மனுவுக்கு, வழக்குமூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான சம்பவம், முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள். இரண்டிலும் காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. அனுமதி கிடைத்ததை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். ரிட்டுக்கு இப்படி நாள் கணக்கு கிடையாது. நியாயமான காலத்துக்குள் வந்தால் போதும்.

உயர் நீதிமன்றத்தைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. தீர்ப்பாயம் கையாள்வது அதன் அட்டவணையில் உள்ள 7 சட்டங்களை மட்டும்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் இல்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில், அரசு மூடிய ஆலையைத் திறக்க வழிசெய்து 2018 டிசம்பரில் தீர்ப்பாயம் கொடுத்த உத்தரவை, அதற்கு அந்த அதிகார வரம்பே இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு உயர் நீதிமன்றம்தான் ஆவணங்களையெல்லாம் விரிவாகப் பார்த்து 2020இல் மூடலை உறுதி செய்தது, 2024இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ரிட்டில் பொருண்மைக்குள் போகத் தயங்குவார்கள் என்ற என் பேச்சுக்கு இது நேர் எதிரான சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இரு தரப்பிலும் ஆவணம் குவிந்திருந்தது. ஒரு சிற்றூர் ஏரி வழக்கில் அப்படிக் குவியாது.

நிறுவனங்கள் தரப்பில் நான் ஆஜரானது இரண்டே முறை, சுரங்க வழக்கு ஒன்றுகூட நடத்தியதில்லை. அதனால் அனுமதி வாங்கித் தரும் ஆலோசனை வேலையைத் தொழிலாக்க நினைப்பவருக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கட்சிக்காரர் ஊர்க்காரர், பிரச்சினை தண்ணீர் என்றால், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே முதலில் கழிவைப் பார்த்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.